எந்த பேட்டரியை நம்பி வாங்குவது? வெளிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

"கருவி கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை செல்லை மாற்றிப் பாருங்கள்" என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை வெளிநாட்டில் குடியிருப்பவர்களிடமிருந்து. புது ஊர், தெரியாத பிராண்டுகள், புரியாத மொழியில் அட்டை. எதை எடுப்பது என்று கேட்கிறார்கள்.

நான் ஸ்டுட்கார்ட்டில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதி ரிப்பேர் கஃபேயில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பொருட்களைச் சரிசெய்து கொடுப்பேன். பொம்மை, ரேடியோ, சமையலறைத் தராசு என்று மேசைக்கு வரும் பலவற்றில் கோளாறு பேட்டரி பெட்டியிலேயே இருக்கும். அதனால் இந்த இதழ் முழுவதும் பேட்டரிதான்.

அக்கா, நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு பென்சில் செல் வாங்கப் போனால் அட்டைகளில் மிக்னோன், மிக்ரோ, பேபி, மோனோ என்று போட்டிருக்கிறது. எதை எடுப்பது? எந்த பிராண்ட் நல்லது?
*வாசகி, டூசல்டார்ஃப்*

மிக்னோன்தான் நம் ஊர் பென்சில் செல், அதாவது ஏஏ. மிக்ரோ அதைவிட ஒல்லியான ஏஏஏ. பேபி நடுத்தரக் கட்டை, மோனோ பெரிய டார்ச் கட்டை. இந்தப் பெயர்களை நம்பி பாரிஸுக்கோ டோக்கியோவுக்கோ போனால் உதவாது. அதனால் செல்லின் உடம்பில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். எல்ஆர்6 என்றால் ஏஏ அளவு அல்கலைன். முன்னால் 'எல்' இல்லாமல் வெறும் ஆர்6 என்றிருந்தால் ஜிங்க்-கார்பன். எஃப்ஆர்6 என்பது ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம். எச்ஆர்6 என்பது சார்ஜ் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ஏஏஏ அளவுக்கு 6-க்குப் பதிலாக 03 வரும், பெரிய கட்டைக்கு 20 வரும்.

நம் ஊர்க் கடைகளில் இன்றும் அதிகம் விற்பது ஜிங்க்-கார்பன்தான். அதில் வெளியே இருக்கும் துத்தநாகக் குவளைதான் எதிர்முனை, அதாவது மைனஸ் முனை. மின்சாரம் எடுக்க எடுக்க அந்தக் குவளையே கரைந்து மெலியும். முழுக்கத் தீர்ந்த பிறகும் கருவிக்குள்ளேயே விட்டால் ஓட்டை விழுந்து ஒழுகும். அல்கலைனில் இரும்பு உறை தனியாக இருப்பதால் அது அப்படிக் கரையாது, கொள்ளளவும் அதிகம்.

பிராண்ட் விஷயத்தில் தைரியமாகச் சொல்கிறேன்: ஜெர்மனியில் டிஎம், ஆல்டி, லிடில் போன்ற கடைகள் தங்கள் பெயரிலேயே விற்கும் அல்கலைன் போதும். ஸ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட் என்ற நுகர்வோர் சோதனை அமைப்பு இங்கே பேட்டரிகளையும் சோதித்து வெளியிடுகிறது. மலிவான கடைத் தயாரிப்புகள் விலை உயர்ந்தவற்றோடு தோள் தட்டி நின்றதை அந்தச் சோதனைகளில் பார்த்திருக்கிறோம். நீங்கள் பார்க்க வேண்டியது தேதி. அல்கலைன் செல்லுக்கு வழக்கமாகப் பத்து ஆண்டு வரை இருப்புக் காலம் தருவார்கள். அதில் ஏழெட்டு ஆண்டு மிச்சமிருக்கிற அட்டையை எடுங்கள். வேகமாக விற்றுத் தீரும் கடையில் அது தானாகவே கிடைக்கும்.

இன்னொன்று. நீங்கள் வாங்கியிருப்பது ரேடியோ அலையில் தானாக மணி திருத்திக்கொள்ளும் கடிகாரம் என்றால், புது செல் போட்டதும் முட்கள் விறுவிறுவென்று சுற்றிப் போய்ப் பன்னிரண்டில் நிற்கும். பயந்துபோய்க் கையால் திருப்பாதீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் நேர சிக்னலுக்காக அது காத்திருக்கிறது. ஜன்னலோரம் ஒரு ராத்திரி வைத்துவிட்டால் காலையில் சரியான மணி காட்டும்.

வணக்கம். மகனின் பேசும் பொம்மை திடீரென்று நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் செல்களின் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறது. நல்ல கம்பெனி அல்கலைன்தான் போட்டிருந்தோம். பொம்மையைத் தூக்கிப் போடுவதா? இனி ஒழுகாத பிராண்ட் எது?
*வாசகர், மியூனிக்*

தூக்கிப் போடாதீர்கள். இதுபோல வருபவற்றில் பெரும்பாலானவற்றைக் கால் மணி நேரத்தில் உயிர்ப்பிக்கலாம்.

அல்கலைன் செல்லுக்குள் மெல்ல மெல்ல ஹைட்ரஜன் வாயு சேரும். அழுத்தம் எல்லை தாண்டினால் அடிப்பக்கத்து சீல் விட்டுக்கொடுக்கும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே கசிந்து, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து அந்த வெள்ளைப் பூவாக மாறும். பச்சை நிறம் செம்பு அரித்ததால் வருவது. கசிந்தது அமிலம் அல்ல, காரம். அதனால்தான் வினிகர் வேலை செய்கிறது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியாதவர் என்றாலும் கண்ணுக்கு ஏதாவது மறைப்பு வேண்டும், ஏனென்றால் இந்தக் காரம் கண்ணுக்கு மிக மோசமானது. செல்களை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் லேசாக நனைத்து வெள்ளையின் மேல் வையுங்கள், பொசுபொசுவென்று நுரைக்கும். நுரை அடங்கும் வரை புதுப் புதுக் குச்சியால் துடைத்துக்கொண்டே இருங்கள். அப்புறம் வெறும் தண்ணீரில் பிழிந்த குச்சியால் ஒருமுறை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை. தகடு மங்கலாகவே இருந்தால் நைஸ் உப்புத்தாளை மடித்து அதன் விளிம்பால் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு புது செல் போடுங்கள். உங்கள் ஊர்க் கடையில் 'எசிக் எசென்ஸ்' என்று விற்கும் வினிகர் 25 சதவீதச் செறிவு கொண்டது. அதை அப்படியே ஊற்றாமல் நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒழுகியது ஜிங்க்-கார்பன் செல் என்றால் கதை மாறும், அது அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர்தான்.

ஒழுகவே ஒழுகாத அல்கலைன் என்று ஒரு பிராண்டை என்னால் காட்ட முடியாது. எந்தப் பெயர் போட்டாலும் உள்ளே நடக்கும் வேதியியல் ஒன்றுதான். பழசும் புதுசும் கலந்து போட்டால் ஆபத்து கூடும்: தீர்ந்துபோன செல்லின் வழியாகவும் மற்றவை மின்சாரத்தைத் தள்ளுவதால் அது தலைகீழாக மின்னேறி வாயு விடும். அதனால் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பொம்மைகளிலிருந்து செல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். விலை உயர்ந்த கருவி, அல்லது தாத்தா கொடுத்த ரேடியோ மாதிரி இன்னொன்று கிடைக்காத பொருள் என்றால் அதில் அல்கலைனே போடாதீர்கள். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள், அல்லது எஃப்ஆர்6 லித்தியம். இரண்டும் ஒழுகுவது மிக அபூர்வம்.

அக்கா, துபாயில் இருக்கிறேன். சில கடைகளில் ஒரு அட்டை நிறைய ஏஏ செல் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள், பெரிய பிராண்ட் பெயரும் இருக்கிறது. போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகர், துபாய்*

சின்ன வயதில் எங்கள் தெருக் கடைக்காரர் டார்ச் கட்டையை ஒரு குட்டி பல்பில் வைத்து எரித்துக் காட்டித்தான் கையில் கொடுப்பார். இப்போது அட்டைக்குள் சீல் வைத்து வருவதால் அது நடக்காது. ஆனால் உங்கள் சமையலறைத் தராசு இருக்கிறதே! ஏஏ அல்கலைன் ஒன்று சுமார் 23 கிராம் இருக்கும். ஜிங்க்-கார்பன் 20 கிராமுக்குக் கீழே நிற்கும். அட்டையில் அல்கலைன் என்று போட்டு, தராசில் 16 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது வேறு சரக்கு. எஃப்ஆர்6 லித்தியம் மட்டும் இயல்பாகவே 15 கிராம்தான், அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். சார்ஜ் செய்யும் ஏஏ 26 முதல் 30 கிராம் வரை இருக்கும்.

மேசையில் அரை அங்குல உயரத்திலிருந்து நிமிர்த்திப் போட்டால் புது அல்கலைன் 'தொப்' என்று நிற்கும், பழசு துள்ளும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2015-இல் இதை ஆராய்ந்தார்கள். தீரத் தீர உள்ளே இருக்கும் துத்தநாகக் கூழ் ஆக்சைடாகி இறுகுவதால் துள்ளல் வருகிறது. ஆனால் பாதி தீர்ந்ததுமே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடும். அதனால் துள்ளினால் 'புதுசு இல்லை' என்று மட்டும் சொல்லலாம், 'செத்துப்போச்சு' என்று சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் போலியைவிட எனக்குக் கவலை தருவது வெயில். நல்ல செல்லாகவே இருந்தாலும் ஏசி இல்லாத கிடங்கில் ஒரு கோடையைக் கழித்திருந்தால் அதன் ஆயுள் குறைந்திருக்கும். வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் அட்டையை வாங்காதீர்கள். கூட்டம் அள்ளும் ஹைபர்மார்க்கெட்டில், உள்பக்கம் குளிரில் இருக்கும் அலமாரியில் எடுங்கள். வாங்கியதைக் காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியே எடுக்கும்போது ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். வீட்டு அலமாரியே போதும்.

எங்கள் வீட்டில் ஒன்றேகால் வயதுக் குழந்தை. தராசு, சின்ன ரிமோட், கார் சாவி எல்லாவற்றிலும் பொத்தான் மாதிரி செல். பத்திரமாக வைத்துக்கொள்ள என்ன செய்வது?
*வாசகி, சிட்னி*

கேட்டதற்கு நன்றி. இந்தக் கடிதத்தை எல்லாப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் படிக்க வேண்டும்.

சிஆர்2032 என்ற செல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மூன்று வோல்ட். குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரமான சதையில் பட்டதும் அதன் வழியே மின்சாரம் ஓடும். எதிர்முனைப் பக்கம் ஹைட்ராக்சைடு உண்டாகிச் சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் வந்துவிடும். செல் ஒழுக வேண்டும் என்றுகூட இல்லை. ரிமோட்டுக்குப் போதாது என்று கழற்றிப் போட்ட 'செத்த' செல்லிலும் இந்தக் காயத்துக்குப் போதுமான மின்சாரம் இருக்கிறது. அதனால் பழைய செல்லை மேசையில் வைத்துவிட்டுப் புது செல்லை மாட்டும் அந்த அரை நிமிடம்தான் மிக ஆபத்தானது. கழற்றியதும் இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள்.

உங்கள் நாட்டில் 2022 ஜூன் 22 முதல் பொத்தான் செல் உள்ள பொருட்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகள் நடப்பில் உள்ளன. செல் வைக்கும் பெட்டியைக் குழந்தையால் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும். அமெரிக்காவிலும் அதே ஆண்டு, இப்படி இறந்துபோன ரீஸ் என்ற குழந்தையின் பெயரால் சட்டம் வந்தது. ஆனால் விதி வருவதற்கு முன்னால் வாங்கிய பொருட்களும், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த லைட் எரியும் பொம்மைகளும் வீட்டில் இருக்குமே! இன்றைக்கே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நகத்தாலேயே திறக்க முடிகிற பெட்டி எதுவாக இருந்தாலும் அதை வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள். திருகு போட்டு மூடும் பொருளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கில் பட்டதும் கசக்கும் பூச்சு போட்ட செல்களும் விற்கிறார்கள். எனக்கு அவை பிடிக்கும். சில கருவிகளில் அந்தப் பூச்சு முனையில் பட்டு வேலை செய்யாமல் போகலாம். தொலைந்த பொருளைத் தேட உதவும் தன் ஏர்டேகுக்கு ஆப்பிளே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. அப்படி இருந்தால் முனையைப் பூச்சு போகத் துடைத்துப் பாருங்கள், அல்லது பூச்சு இல்லாததை வாங்கி இன்னும் கவனமாக இருங்கள்.

விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் நச்சுத் தகவல் மையம் 13 11 26 என்ற எண்ணில் இரவும் பகலும் இருக்கிறது. மூச்சுத் திணறினால் 000. ஒரு வயதைத் தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு, போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சு மைய வழிகாட்டுதல் சொல்கிறது. காயத்தின் வேகத்தை அது குறைக்கும். ஆனால் தேன் தேடிக்கொண்டு ஒரு நிமிடம்கூட வீட்டில் நிற்காதீர்கள்.

ஏனெலூப் என்ற சார்ஜ் செய்யும் செல்லை எல்லோரும் புகழ்கிறார்கள். விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. உண்மையிலேயே லாபமா?
*வாசகர், ஐந்தோவன், நெதர்லாந்து*

எதில் போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளின் கார் பொம்மை, வீடியோ கேம் கன்ட்ரோலர், வயர்லெஸ் மவுஸ், கேமரா ஃபிளாஷ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு செல் கேட்கிற சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கினால் போட்ட காசு திரும்பி வர நெடுங்காலம் ஆகும்.

முன்பெல்லாம் சார்ஜ் செய்யும் செல்களை அலமாரியில் வைத்தால் சில வாரங்களிலேயே காலியாகிவிடும். 2005-இல் சான்யோ நிறுவனம் ஏனெலூப்பைக் கொண்டுவந்து அதை மாற்றியது. இப்போது அது பானசோனிக் வசம். ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும் பங்கு சார்ஜ் அப்படியே இருக்கும். இந்த வகையை மற்ற நிறுவனங்களும் செய்கின்றன. 'முன்பே சார்ஜ் செய்தது, உடனே பயன்படுத்தலாம்' என்ற பொருளில் அட்டையில் எழுதியிருக்கும். ஐகியா 2021-இல் அல்கலைன் விற்பதையே நிறுத்திவிட்டு லாடா என்ற சார்ஜ் செல்லை மட்டும் முன்னே வைத்தது. உங்கள் ஊரிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. நல்ல சரக்கு.

கொள்ளளவை எம்ஏஎச் என்று எழுதியிருப்பார்கள், 2000 எம்ஏஎச் அளவுள்ளதை எடுங்கள். 2500 போட்டது பெரிதாகத் தெரியும், ஆனால் அதன் ஆயுள் குறைவு. ஏனெலூப்பில் சாதா வகைக்கு 2100 தடவை, பெரிய கொள்ளளவு வகைக்கு 500 தடவை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 3500, 4000 எம்ஏஎச் என்று போட்ட ஏஏ நிக்கல் செல்லைப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த உருவத்துக்குள் அவ்வளவு அடங்காது.

செல்லுக்குச் செலவழிப்பதைவிட சார்ஜருக்குக் கவனம் கொடுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு இருக்கும் சார்ஜராகப் பாருங்கள். அப்படியானால் ஒவ்வொன்றும் நிறைந்ததும் தனித்தனியே நிறுத்தும். இரண்டிரண்டாக மட்டும் ஏற்றும் மலிவு சார்ஜரும், மணிக்கணக்கு வைத்து நிறுத்தும் சார்ஜரும் நல்ல செல்லையும் கெடுத்துவிடும்.

ஆன்லைனில் யூஎஸ்பி வயரைச் செருகி சார்ஜ் செய்யும் ஏஏ செல் பார்த்தேன். 3600 எம்டபிள்யூஎச் என்று போட்டிருக்கிறது. ஏனெலூப்பில் 2000தானே! இது அதைவிட மேலா?
*வாசகர், லா ஷப்பெல், பாரிஸ்*

அளவுகோலே வேறு. எம்ஏஎச் என்பது செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு, எம்டபிள்யூஎச் என்பது மொத்த ஆற்றல். எம்டபிள்யூஎச்சை வோல்டால் வகுத்தால்தான் எம்ஏஎச் வரும். 3600-ஐ 1.5-ஆல் வகுங்கள், 2400. ஏனெலூப்பின் 2000-ஐ அதன் 1.2 வோல்டால் பெருக்குங்கள், 2400 எம்டபிள்யூஎச். ஆக, ஆற்றலில் 3600-க்கு 2400, யூஎஸ்பி செல்லில் ஒன்றரை மடங்கு இருக்கிறது, உண்மை. ஆனால் 3600-ஐ 2000-த்தோடு வைத்துப் பார்க்கும்போது தோன்றுகிற அளவுக்கு இல்லை.

அதன் உள்ளே 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்லும், அதை 1.5 வோல்டாகக் குறைக்கும் ஒரு சின்ன சர்க்யூட்டும் இருக்கின்றன. கடைசி வரை 1.5 வோல்ட் கொடுத்துவிட்டுப் பட்டென்று அணைந்துவிடும். 1.2 வோல்டில் திணறும் சில கருவிகளுக்கு இது வரப்பிரசாதம். ரேடியோவில் போடாதீர்கள், மீடியம் வேவ், ஷார்ட் வேவில் அந்த சர்க்யூட் இரைச்சல் கிளப்பும். இதைச் சாதாரண நிக்கல் செல் சார்ஜரில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பெயர் தெரியாத விற்பனையாளரிடம் இந்த வகையை மட்டும் வாங்காதீர்கள். லித்தியம் அயன் விஷயத்தில் மலிவைத் தேடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யோக்கஹாமாவில் வசிக்கிறோம். நிலநடுக்கப் பைக்கு எந்த செல் வாங்கி வைப்பது? இங்கே வாங்கும் சார்ஜரை ஊருக்கு எடுத்துப் போகலாமா?
*வாசகி, ஜப்பான்*

ஜப்பான் கடைகளில் தான்-சான் என்பது ஏஏ, தான்-யோன் ஏஏஏ, தான்-இச்சி பெரிய கட்டை. 2011 மார்ச் பூகம்பத்துக்குப் பிறகு கடைகளில் பெரிய கட்டை கிடைக்காமல் மக்கள் அல்லாடினார்கள். அதனால் ஏஏ செல்லில் எரியும் டார்ச்சும் ரேடியோவுமாக வாங்குங்கள். பெரிய கட்டை கேட்கும் டார்ச் ஏற்கெனவே இருந்தால், ஏஏ செல்லை உள்ளே வைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும் பிளாஸ்டிக் கூடு நூறு யென் கடைகளில் கிடைக்கும். எரியும் நேரம் குறையும், ஆனால் வெளிச்சம் வரும்.

பைக்குள் எஃப்ஆர்6 லித்தியமோ அல்கலைனோ போடுங்கள், ஆனால் டார்ச்சுக்குள் மாட்டாமல் பக்கத்தில் அட்டையோடு வையுங்கள். ஒழுகினாலும் டார்ச் தப்பிக்கும். எதுவரை பயன்படுத்தலாம் என்று அட்டையில் மாதமும் ஆண்டுமாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பையின் வெளியே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தைப் படியுங்கள். '100-240' என்றிருந்தால் ஊரில் பிளக் மாற்றி மட்டும் போதும். வெறும் 100 வோல்ட் என்றிருந்தால் எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர் 230 வோல்டில் அது புகைந்துவிடும்.

அன்பு அக்காவுக்கு, பனிக் காலத்தில வெளியில வைச்சிருக்கிற வெப்பமானி ஒவ்வொரு முறையும் நிண்டு போகுது. உள்ளுக்குக் கொண்டு வந்தால் அதே பற்றரியில வேலை செய்யுது. ஏன்?
*வாசகர், ரொறன்ரோ*

அல்கலைன் செல்லுக்குள் இருப்பது தண்ணீரில் கரைத்த காரம். குளிரில் அதன் ஓட்டம் மந்தமாகிவிடும். தயாரிப்பாளர்கள் அதற்கு மைனஸ் 18 டிகிரி வரைதான் உத்தரவாதம் சொல்வார்கள். உங்கள் ஜனவரி இரவுகள் அதைத் தாண்டும். வெளியே வைக்கும் எல்லாவற்றுக்கும் எஃப்ஆர்6 லித்தியம் வாங்குங்கள், மைனஸ் 40 வரை தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் பனிக்குள் ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குப் புகை எச்சரிக்கைக் கருவி 'கீச் கீச்' என்று கத்த ஆரம்பிக்கிறது, பகலில் சும்மா இருக்கிறது. சார்ஜ் செய்யும் 9 வோல்ட் செல் போடலாமா?
*வாசகர், கார்ல்ஸ்ரூஹ*

பின்னிரவில் வீடு குளிரும்போது தளர்ந்த செல்லின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும், அப்போதுதான் கருவி கூப்பிடும். சார்ஜ் செல் வேண்டாம். கருவியின் உள்பக்கம் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள், 6எல்ஆர்61 அல்கலைன் அல்லது 9 வோல்ட் லித்தியம். செல் பெட்டியைத் திறக்கவே முடியாத மாதிரி இருந்தால் அது பத்தாண்டு மூடிய வகை, முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஜெர்மனியின் எல்லா மாநிலங்களிலும் குடியிருப்புகளுக்கு இந்தக் கருவி கட்டாயம். சத்தம் தாங்காமல் செல்லைக் கழற்றிவிட்டு மட்டும் தூங்கிவிடாதீர்கள்.

அப்பா ஆறு மாதம் எங்களோடு தங்க வருகிறார். காது கேட்கும் கருவிக்கு அங்கிருந்தே செல் கொண்டுவர வேண்டுமா? இங்கே அதே செல் கிடைக்குமா?
*வாசகி, நியூ ஜெர்சி*

கிடைக்கும். செல்லின் மேல் இருக்கும் ஒட்டுத்தாளின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள், அது உலகம் முழுக்க ஒன்று: அளவு எண் 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். அப்பாவிடம் ஒட்டுத்தாளின் நிறத்தைக் கேட்டுக்கொண்டால் போதும். பெரிய மருந்துக் கடைகளிலேயே தொங்கும்.

இது காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து வேலை செய்யும் ஜிங்க்-ஏர் செல். ஒட்டுத்தாளை உரித்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் காற்றாட வைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். உரித்தவுடனே மாட்டினால் சரியாகக் கிளம்பாது. உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் தேய்வது நிற்காது, அதனால் முன்கூட்டியே உரித்து வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் இந்த செல் சீக்கிரம் காய்ந்துவிடும். ஊரில் வந்த நாளைவிடக் குறைவாக வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று அவர் கவலைப்பட வேண்டாம். இதுவும் பொத்தான் செல்தான், பேரக்குழந்தை கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது விமானத்தில் செல், பவர் பேங்க் எல்லாம் எதில் வைப்பது? வீட்டில் சேர்ந்த பழைய செல்களை என்ன செய்வது?
*வாசகர், தோஹா; வாசகி, ஸ்டுட்கார்ட்*

அல்கலைன், நிக்கல் செல்கள் எந்தப் பெட்டியிலும் போகலாம், முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் அட்டையிலோ டப்பாவிலோ இருக்க வேண்டும். உதிரி லித்தியம் செல்லும் பவர் பேங்க்கும் கைப்பையில் மட்டுமே. 100 வாட் மணி வரை வழக்கமாக அனுமதி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் மணி, அது சரி. விமான நிறுவனங்கள் இதற்கு மேலும் விதி போடுகின்றன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் அனுமதிக்கிறது, பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் கூடாது. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

பழைய செல்களுக்கு ஸ்டுட்கார்ட் வாசகி கவலைப்பட வேண்டாம். ஜெர்மனியில் செல் விற்கும் கடை, பழையதை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். டிஎம், ரோஸ்மன், சூப்பர் மார்க்கெட் வாசல்களில் அதற்கான பெட்டி இருக்கும். லித்தியம் செல்லுக்கும் 9 வோல்ட் செல்லுக்கும் முனையில் டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள். தோஹா வாசகர் தன் பகுதியில் பெரிய கடைகளில் சேகரிப்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் வரை டேப் ஒட்டி, உலோகமில்லாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் சேர்த்து வையுங்கள்.